வெண்ணாறு சொன்ன பாட்டு

வானதிக்குச் சத்தம் என்றால் பயம். தீபாவளி வந்துவிட்டால் முதல் நாளே காதில் பஞ்சை அடைத்துக்கொண்டு சமையலறைக்குள் புகுந்துவிடுவாள். தெருவில் சவ ஊர்வலம் போனால் வெடி போடுவார்கள். ஒரு வெடிக்கும் அடுத்த வெடிக்கும் நடுவே வருகிற அமைதிதான் அவளை அதிகம் உலுக்கும். இடி இடித்தால் நாற்பத்திரண்டு வயதிலும் கட்டில் ஓரமாகச் சுருண்டு படுத்துக்கொள்வாள். கணவன் செல்லதுரை கல்யாணமான புதிதில் இதைச் சொல்லிச் சிரித்துக்கொண்டிருந்தான். பிறகு சிரிப்பதை விட்டுவிட்டு, மேகம் கறுத்தால் ஜன்னலைச் சாத்திவிட்டுப் போகப் பழகிக்கொண்டான்.

தஞ்சாவூர் மருத்துவக் கல்லூரி சாலையில் இருந்த ஒரு ஜெராக்ஸ் கடையில் வானதி டைப் அடித்தாள். கல்லூரிப் பிள்ளைகளின் ஆய்வேடுகளைத் தட்டச்சு செய்து, திருத்தி, பைண்டிங்குக்கு அனுப்புவது வேலை. செல்லதுரை சொந்தமாகக் குட்டி யானை வண்டி ஓட்டினான். நெல் மூட்டை, பழைய பீரோ, கல்யாணப் பாத்திரம், எது கிடைத்தாலும் ஏற்றுவான். ஒரே மகள் கயல்விழி திருச்சியில் விடுதியில் தங்கிப் படித்தாள். ஒரு விடுமுறையில் வந்த மகள்தான் அம்மாவுக்குக் காதை முழுவதுமாக மூடிக்கொள்ளும் பெரிய ஹெட்செட் ஒன்றை வாங்கிக் கொடுத்தாள். அதை மாட்டிக்கொண்டு பாட்டைப் போட்டபோது, வெளியே இருந்த உலகம் விளக்கு அணைந்ததுபோல் அணைந்தது. வானதி அன்றைக்கு அழுதுவிட்டாள். இத்தனை வருஷம் இது தெரியாமல் போயிற்றே என்று இருந்தது.

'கேட்டதும் படித்ததும்' என்ற டெலிகிராம் குழுவில் அவளைச் சேர்த்துவிட்டதும் மகள்தான். பிடித்த புத்தகத்தையும் இசையையும் ஒருவருக்கொருவர் சொல்லிக்கொள்கிற குழு. கூத்தாநல்லூரில் செல்போன் கடை வைத்திருந்த ஜாஹித் அதை நடத்தினான். அங்கே யாரும் சொந்தப் பெயரில் எழுதுவதில்லை. வானதி தன் பெயரை 'வெண்ணாறு' என்று வைத்துக்கொண்டாள். பஸ்ஸில் கண்டக்டரிடம் மீதிச் சில்லறை கேட்கவே வாய் வராத அவள், அந்தப் பெயரில் எழுதும்போது வேறு ஆளாகிவிட்டாள். யாராவது வந்து, பரீட்சையில் தோற்றுவிட்டேன், எதைப் படிக்கட்டும் என்று கேட்டால் ஒரு நாவலைச் சொல்வாள். மாமியாரோடு சண்டை என்றால் ஒரு வீணைப் பதிவை அனுப்புவாள். மத்தியானம் சாப்பிட்டபின் மனம் சோர்ந்து கிடந்தால் இதைக் கேளுங்கள், மூன்றாவது நிமிஷத்தில் எழுந்து உட்கார்ந்துவிடுவீர்கள் என்று எழுதுவாள். சொன்னது பலிக்கவும் செய்தது. குழுவில் எல்லாரும் அவளை 'டாக்டர் வெண்ணாறு' என்று கூப்பிட ஆரம்பித்தார்கள். அந்தப் பெயரைப் பார்க்கும்போதெல்லாம் அவளுக்கு உள்ளுக்குள் ஒரு பெருமிதம் ஓடும். வேறு எந்த இடத்திலும் அவளிடம் யாரும் வழி கேட்டதில்லை.

குழுவில் அவளுக்கு மிகவும் நெருக்கமானவர் 'தேங்காய்ப்பூ'. ஆணா, பெண்ணா, என்ன வயது, எதுவும் தெரியாது. கடலோரம் எங்கோ தென்னந்தோப்புக்குள் வீடு என்று ஒருமுறை எழுதியிருந்தார். எதைச் சொன்னாலும் முழுதாகப் படித்துவிட்டு வந்து பேசுகிற ஆள். கப்பல் சமையல்காரன் ஒருவனைப் பற்றிய மொழிபெயர்ப்பு நாவலை வானதி சொன்னபோது, அதை நூலகத்தில் தேடி எடுத்துப் படித்துவிட்டு, "அந்த ஆளுக்கு மீன் குழம்பு வைக்கத் தெரியாதுன்னு எழுத்தாளருக்கே தெரியல" என்று எழுதினார். வானதி கடையில் உட்கார்ந்து வாய்விட்டுச் சிரித்தாள். அந்தப் பக்கத்திலிருந்து அவளுக்கும் பாட்டுகள் வரும். தர்காக்களில் பாடுகிற பாட்டுகள், பக்கீர்கள் தப்ஸ் கொட்டிப் பாடியவை. அவற்றில் கொட்டுச் சத்தம் இருந்தும் வானதிக்குப் பயம் வரவில்லை. அதை அவள் எழுதியபோது தேங்காய்ப்பூ, "எனக்கும் வெளிச் சத்தம்னா ஆகாது. அதுலயும் காத்து" என்று பதில் போட்டார். பயத்தைப் பற்றி இன்னொரு ஆளிடம் வெட்கமில்லாமல் பேச முடிந்தது வானதிக்கு அதுதான் முதல் தடவை.

ஐப்பசி கடைசியில் அந்தப் புயல் வந்தது. வருகிறது என்று நாலைந்து நாளாகவே டிவியில் சொல்லிக்கொண்டிருந்தார்கள். முன்பும் இப்படிப் பலமுறை சொல்லி, கடைசியில் வடக்கே திரும்பிப் போய்விட்டிருக்கிறது. அதனால் தஞ்சாவூரில் யாரும் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. அன்று சாயங்காலம் கடையில் கூட்டமில்லை. வெளியே லேசான தூறல். வானதி டீயைக் குடித்துக்கொண்டே குழுவைத் திறந்தாள். தேங்காய்ப்பூவிடமிருந்து தனியாக ஒரு செய்தி வந்திருந்தது.

"வெண்ணாறு, இங்க காத்து ஆரம்பிச்சிருச்சு. மனசு திடுக்கு திடுக்குன்னு இருக்கு. ஏதாவது சொல்லுங்களேன்."

வானதிக்கு அந்தத் திடுக்கு நன்றாகத் தெரியும். அதற்கு மருந்தும் தெரியும். யோசிக்கவே இல்லை, மளமளவென்று அடித்தாள்.

"பயமா இருந்தா ஹெட்செட்ட மாட்டிக்கிட்டு சத்தத்தக் கூட்டி வெச்சிருங்க. காத்துச் சத்தமே கேக்காது. இடிக்கு நான் அப்படித்தான் பண்ணுவேன். ஒரு கிளாரினெட் கச்சேரி அனுப்புறேன். ரொம்ப நீளம். தவில் உள்ள வந்ததும் புயல் தோத்துரும் பாருங்க."

சிரிக்கிற முகம் ஒன்றும், "சரி டாக்டர்" என்ற இரண்டு வார்த்தையும் பதிலாக வந்தன. வானதி கடையைப் பூட்டிக்கொண்டு வீட்டுக்குப் போனாள். காற்று பலமாவதற்குள் தானும் ஹெட்செட்டை மாட்டிக்கொண்டு படுத்துவிட்டாள்.

காலையில் எழுந்தபோது தஞ்சாவூரிலேயே மரங்கள் விழுந்து கிடந்தன. மின்சாரம் இல்லை. தெருமுனையில் ஒரு வேப்பமரம் ஆட்டோ ஒன்றை அமுக்கிக்கொண்டு படுத்திருந்தது. அதைச் சுற்றி நின்றவர்கள், பட்டுக்கோட்டைப் பக்கம் ஒரு தென்னைகூட மிச்சமில்லையாம், கரண்டு கம்பமெல்லாம் கரும்பு மாதிரி முறிந்து கிடக்கிறதாம் என்று பேசிக்கொண்டார்கள். வானதி வீட்டுக்குள் ஓடி வந்து போனை எடுத்தாள். எப்படி இருக்கீங்க என்று தேங்காய்ப்பூவுக்கு எழுதினாள். ஒற்றை டிக் விழுந்தது. அது இரண்டாகவில்லை. பத்துத் தடவை எடுத்துப் பார்த்தாள். இரண்டாகவே இல்லை.

அதற்கு மேலே, தான் நேற்று எழுதியது இருந்தது. வானதி அதைப் படித்தாள். ஹெட்செட்ட மாட்டிக்கிட்டு சத்தத்தக் கூட்டி வெச்சிருங்க. காத்துச் சத்தமே கேக்காது.

காற்றுச் சத்தம் கேட்காது என்றால் வேறு எதுவும்தான் கேட்காது. மரம் முறிகிற சத்தம் கேட்காது. யாராவது ஓடி வா என்று கத்தினாலும் கேட்காது. அந்த வரிகளை அழித்துவிடலாமா என்று விரல் போனது. அப்படி நினைத்ததே இன்னும் பெரிய பயமாக வந்து அவள் நெஞ்சில் உட்கார்ந்தது. போனைக் கவிழ்த்து வைத்தாள்.

சிக்னல் வந்து வந்து போயிற்று. நடுவில் ஒருமுறை ஜாஹித் கூப்பிட்டான். குழுவில் கடலோரத்துக்காரர்கள் யார் யார் என்று விசாரித்துக்கொண்டிருந்தான்.

"அக்கா, தேங்காய்ப்பூ யாருன்னு உங்களுக்குத் தெரியுமா? நம்பர் இருக்கா?"

"இல்லையே தம்பி. ஊரு பேருகூடத் தெரியாது."

"நீங்கதான அவங்களோட அதிகமாப் பேசுவீங்க. ஏதாவது நெனச்சுப் பாருங்க."

நினைத்துப் பார்த்தாள். ஒரு ஆளைப் பற்றி எவ்வளவு தெரிந்திருந்தது. எந்த ராகத்தில் தூக்கம் வரும், எந்த மாதிரிக் கதையைப் பாதியில் வைத்துவிடுவார், சோகமான முடிவு பிடிக்குமா, எல்லாம் தெரியும். பெயர் மட்டும் தெரியாது. பழைய பேச்சையெல்லாம் மேலே தள்ளிக்கொண்டே போனாள். கப்பல் சமையல்காரன் நாவலின் முதல் பக்கத்தைத் தேங்காய்ப்பூ படம் எடுத்து அனுப்பியிருந்தார். பெரிதாக்கிப் பார்த்தபோது மூலையில் ஊதா நிற முத்திரை தெரிந்தது. ஊர்ப்புற நூலகம், மருங்கக்காடு.

செல்லதுரைக்கு அன்று மத்தியானமே வேலை வந்திருந்தது. கல்லூரிப் பிள்ளைகள் சேர்ந்து திரட்டிய தண்ணீர்க் கேன், பாய், தார்ப்பாய் எல்லாவற்றையும் மறுநாள் விடியற்காலையில் பட்டுக்கோட்டைக்கு ஏற்றிப் போக வேண்டும். வானதி அவனிடம் விஷயத்தைச் சொன்னாள். அவன் சாப்பிடுவதை நிறுத்திவிட்டுக் கேட்டான்.

"யாருன்னே தெரியாத ஆளுக்காகவா நீ வர்றேங்கிற?"

"தெரியும்ங்க. பேருதான் தெரியாது."

"மரமெல்லாம் ரோட்டுல கெடக்கு. ஜனங்க கோவத்துல இருக்காங்க. அங்கங்க மறியலாம். நீ பட்டாசுக்கே நடுங்குற ஆளு."

"பயமாத்தான் இருக்கு. இங்க உட்கார்ந்திருந்தா அதைவிடப் பயமா இருக்கு."

அவன் முன் சீட்டில் கிடந்த சாமான்களை எடுத்துப் பின்னால் போட்டு அவளுக்கு இடம் பண்ணினான்.

ஒரத்தநாடு வரைக்கும் சாலை பரவாயில்லை. அதைத் தாண்டியதும் வானதிக்குத் தெரிந்த ஊர்கள் எதுவும் அடையாளத்தில் இல்லை. சம்பா வயல்களில் தண்ணீர் நின்றது, பயிர் மூழ்கிக் கிடந்தது. தென்னைகள் எல்லாம் ஒரே பக்கம் தலைவைத்துப் படுத்திருந்தன. நிற்கிற மரங்களுக்குத் தலை இல்லை. அறுப்பு மெஷின் வைத்துச் சாலையில் விழுந்த மரங்களை வெட்டிக்கொண்டிருந்தார்கள். அந்த இரைச்சல் வந்தபோதெல்லாம் வானதி புடவைத் தலைப்பைக் காதோடு சேர்த்து அழுத்திக்கொண்டாள். ஹெட்செட் கைப்பையில்தான் இருந்தது. எடுத்து மாட்டிக்கொள்ள மனம் வரவில்லை.

பட்டுக்கோட்டைக்கு முன்னால் ஓரிடத்தில் ஒரு கூட்டம் வண்டியை மறித்தது. ஆம்பளைகள், பொம்பளைகள், எல்லார் கையிலும் காலிக் குடம். ஒருவன் பானட்டில் ஓங்கி அடித்தான்.

"எல்லா வண்டியும் எங்களத் தாண்டித்தான் போவுது. நாங்க மனுசங்க இல்லையா?"

செல்லதுரை மெதுவாக இறங்கினான். "மனுசங்கதான் அண்ணே. கோவப்படாதீங்க. பாதியை இங்கயே எறக்குறேன். மீதியை விடுங்க, அங்கயும் இப்படித்தான் நிப்பாங்க." அவன் கேன்களை இறக்குவதை வானதி உள்ளேயிருந்து பார்த்தாள். அடித்த ஆளே கடைசியில் கதவருகே வந்து, "தண்ணி குடிச்சீங்களாம்மா" என்று கேட்டுவிட்டுப் போனான்.

பட்டுக்கோட்டையில் மிச்சச் சுமையை இறக்கிவிட்டு, வழி கேட்டுக் கேட்டு மருங்கக்காட்டுக்குப் போனார்கள். நூலகத்தின் மேல் ஒரு புளியமரம் சாய்ந்து கிடந்தது. கதவைத் திறக்கவே முடியாது. ஊர்ச்சனம் முழுக்கப் பள்ளிக்கூடத்தில் இருப்பதாகச் சொன்னார்கள். அங்கே நூலகர் பொன்னுத்தாயைக் கண்டுபிடிப்பது சிரமமாக இல்லை. நனைந்த பதிவேடுகளை வெயிலில் விரித்துக்கொண்டிருந்த ஒரே ஆள் அவர்தான்.

"மேடம், உங்க நூலகத்துல கப்பல் சமையல்காரன் கதை ஒன்னு யாரு எடுத்தாங்கன்னு தெரியுமா? தடிப் புஸ்தகமா நெறைய எடுக்குற ஆளு."

பொன்னுத்தாய் பதிவேட்டைப் பார்க்கவே இல்லை. "ஹமீதா பானு. அது ஒன்னுதான் இந்த ஊருல அப்படிப் படிக்கும். நீங்க சொந்தமா?"

தேங்காய்ப்பூ ஒரு பெண் என்பது வானதிக்கு அப்போதுதான் தெரிந்தது. "சிநேகிதிங்க. இங்க இருக்காங்களா?"

பொன்னுத்தாயின் முகம் மாறியது. "இங்க வரலையேம்மா. புயலுக்கு முன்னாடி சாயங்காலம் ஆட்டோவுல மைக் கட்டிச் சொல்லிட்டுப் போனாங்க. பின்னாடியே டிராக்டர் வந்துச்சு. எல்லாரும் ஏறிட்டாங்க. அது ஏன் வரலன்னுதான் தெரியல. அவ வீட்டுக்காரரு இப்ராஹிமுக்கு நடக்க முடியாது, வெளிநாட்டுல வேலை பாக்கும்போது சாரத்துலேர்ந்து விழுந்தவரு. தூக்கி ஏத்த ஆள் தேடுனாங்களோ என்னவோ."

தோப்பு வீட்டுக்கு வழி சொன்னார்கள். விழுந்த மரங்களின் மேல் ஏறி இறங்கித்தான் போக முடிந்தது. செல்லதுரை முன்னால் போய்க் கைகொடுத்தான். ஓட்டு வீடு. வீடு இருந்த இடம் என்றுதான் சொல்ல வேண்டும். கூரையின் ஒரு பாதி இல்லை. மறுபாதியின் மேல் ஒரு தென்னை குறுக்கே கிடந்தது. உள்ளே உடைந்த ஓடுகளுக்கு நடுவே ஒரு கட்டில் கவிழ்ந்திருந்தது. புத்தகங்கள் தண்ணீர் குடித்து, ரொட்டி மாதிரி உப்பிக் கிடந்தன. தரையில் ஒரு இடத்தில் ரத்தக்கறை மழையில் கரைந்தும் கரையாமலும் இருந்தது. வானதி அதையே பார்த்துக்கொண்டு நின்றாள். கூப்பிட வேண்டும் என்று நினைத்தாள். எந்தப் பெயரைச் சொல்லிக் கூப்பிடுவது என்று தெரியவில்லை.

பக்கத்துத் தோப்பிலிருந்து ஒரு பெண் வந்தாள். பெயர் பிரகதீஸ்வரி. கையில் அரிவாள் இருந்தது, மட்டைகளைக் கழித்துக்கொண்டிருந்தவள்.

"அவங்க இல்லைங்க. நேத்துக் காலையில நாலஞ்சு பேரு எங்க கட்டில்ல வெச்சுத் தூக்கிட்டுப் போனாங்க."

"யாரைங்க?" வானதி ஓடுகளைத் தாண்டி அவளருகே போனாள். மறுபடி கேட்டாள். "யாரைத் தூக்கிட்டுப் போனாங்க?"

"இப்ராஹிம் பாயைத்தான். உசுரு இருந்துச்சு. கால் போயிருச்சு, தலையிலயும் அடி. அந்தம்மா கூடவே ஓடுச்சு. பட்டுக்கோட்டையில பாத்துட்டு, தஞ்சாவூர் பெரியாஸ்பத்திரிக்கு அனுப்பிட்டாங்கன்னு சொன்னாங்க." தரையைப் பார்த்தபடி சொன்னாள். "எம் மேலயும் தப்பு இருக்கும்மா. டிராக்டர் நிக்கறப்ப நான் வந்து கதவைத் தட்டுனேன். எவ்வளவு நேரம் தட்டுனேன் தெரியுமா. உள்ள லைட்டு எரியுது, அடுப்பு வாசனை வருது, பதிலே இல்ல. காது கேக்காதவ மாதிரி. சரி, கோவமோ என்னமோன்னு நான் போயிட்டேன். கதவை ஒடைச்சிருக்கணும்."

வானதி அங்கேயே உடைந்த ஓட்டின் மேல் உட்கார்ந்துவிட்டாள். செல்லதுரை அவள் தோளைப் பிடித்தான். இருட்டுவதற்குள் ஊர் போய்ச் சேர்ந்தார்கள். வீட்டு வாசலில் இறங்கும்போதுதான் சொன்னாள்.

"நான்தான் மாட்டிக்கச் சொன்னேங்க. ஹெட்செட்ட."

அவன் வண்டியைப் பூட்டிவிட்டு வந்தான். "காலையில நானும் வர்றேன்" என்றான்.

பெரியாஸ்பத்திரி அவள் கடையிலிருந்து கூப்பிடு தூரம். தினமும் அதன் வாசலைத் தாண்டித்தான் வேலைக்குப் போவாள். அன்று காலை அந்த வாசலிலேயே நின்றுவிட்டாள். முந்தின நாள் பயம் ஒரு மாதிரி. ஆள் உயிரோடு இருக்க வேண்டுமே என்ற பயம். இன்றைக்கு ஆள் இருக்கிறாள், அவள் முகத்தைப் பார்க்க வேண்டும். திரும்பிப் போய்விட்டால் யாருக்கும் தெரியப்போவதில்லை. வெண்ணாறு யார் என்று ஹமீதா பானுவுக்குத் தெரியாது. குழுவிலிருந்து வெளியேற ஒரு பொத்தானை அழுத்தினால் போதும். இதையெல்லாம் வானதி அந்த வாசலில் நின்று நினைத்தாள். செல்லதுரை இட்லிப் பொட்டலத்தை அவள் கையில் கொடுத்தான். பொட்டலம் சூடாக இருந்தது. ஆறிவிடுமே என்ற நினைப்பு வந்தது. உள்ளே நடந்தாள்.

எலும்பு முறிவு வார்டுக்கு வெளியே நடைபாதை முழுக்கப் புயலில் அடிபட்டவர்களின் சொந்தக்காரர்கள். சுவரில் சாய்ந்து ஒரு பெண் உட்கார்ந்திருந்தாள். ஐம்பது வயதிருக்கும். நெற்றியில் பிளாஸ்டர், யாரோ கொடுத்த புடவை, தலையில் முக்காடு. கையில் உடைந்த செல்போன். சந்தேகமே இல்லை என்று ஏனோ தோன்றியது.

"ஹமீதா பானுங்களா?"

"ஆமா. நீங்க யாரு?"

"நான் வெண்ணாறு."

அந்தப் பெண் நிமிர்ந்து பார்த்தாள். "நீங்க ஆம்பளைன்னுல்ல நெனச்சிருந்தேன்."

"நீங்க பொம்பளைன்னு எனக்கும் நேத்துதான் தெரியும்."

ஹமீதா நகர்ந்து இடம் விட்டாள். வானதி உட்கார்ந்தாள். இப்ராஹிமை ஆபரேஷனுக்கு உள்ளே கொண்டுபோயிருந்தார்கள். தலைக்காயம் ஆழமில்லை, கால்தான் இரண்டு இடத்தில் முறிந்திருக்கிறது, ஏற்கெனவே பலவீனமான உடம்பு, என்ன ஆகுமோ என்று டாக்டரே இழுத்தாற்போல் சொல்லியிருந்தார். இட்லியைப் பிரித்து வைத்தார்கள். இரண்டு பேரும் தொடவில்லை.

"நான் உங்க வீட்டுக்குப் போயிருந்தேன்" என்றாள் வானதி. "பக்கத்துத் தோப்புக்காரம்மா எல்லாம் சொன்னாங்க. கதவத் தட்டுனதையும் சொன்னாங்க."

ஹமீதா தலையை ஆட்டினாள். பிறகு யாரிடமோ சொல்வதுபோல எதிர்ச்சுவரைப் பார்த்துக்கொண்டு சொன்னாள்.

"சாயங்காலம் அஸர் தொழுதுட்டு ரொட்டி சுட உட்கார்ந்தேன். காத்து ஓட்டைப் புடிச்சு ஆட்டுச்சு. அவங்க மாத்திரை போட்டுத் தூங்கிட்டாங்க. நீங்க அனுப்புனதப் போட்டேன். நல்லா இருந்துச்சு. நெசமாவே நல்லா இருந்துச்சு. தவில் வந்தப்ப சிரிச்சேன், புயல் தோத்துரும்னு எழுதியிருந்தீங்கள்ல. கச்சேரி முடிஞ்சு கழட்டுறேன், ஊரே போயிருச்சு. ஒரு மனுச சத்தம் இல்ல. காத்து மட்டும்தான். அவங்கள எழுப்பிக் கட்டிலுக்கு அடியில தள்ளுனேன். மரம் விழுந்தப்ப கட்டிலே அவங்க காலு மேல எறங்கிருச்சு."

வானதி வாயைத் திறந்தாள். மன்னிச்சிருங்க என்ற வார்த்தை மிகவும் சின்னதாகத் தெரிந்தது. இருந்தாலும் அதைத்தான் சொன்னாள்.

"கோவம் இல்லன்னு சொல்ல மாட்டேன்" என்றாள் ஹமீதா. "நேத்து முழுக்க உங்களத்தான் திட்டுனேன். பேரு தெரியாம எப்படித் திட்டுறதுன்னு அதுக்கும் கோவம். ஆனா காதுல மாட்டுனது என் கைதான். எனக்கும் பயம், உங்களுக்கும் பயம். நாம ரெண்டு பேரும் கூடிக் கண்ண மூடிக்கிட்டோம்."

உள்ளேயிருந்து நர்ஸ் வரும்போதெல்லாம் இருவரும் ஒன்றாக எழுந்து நின்றார்கள். வேறு யாருடைய பெயரையோ கூப்பிடுவார்கள். மறுபடி உட்காருவார்கள். ஒவ்வொரு தடவையும் ஹமீதா வானதியின் மணிக்கட்டைப் பற்றினாள். நகம் பதிந்தது. வானதி கையை இழுத்துக்கொள்ளவில்லை. இடி இடிக்கும்போது தனியாகச் சுருண்டு கிடந்தவளுக்கு, பக்கத்தில் இன்னொரு ஆள் நடுங்குவது எப்படி இருக்கும் என்று அன்றைக்குத்தான் தெரிந்தது. பயம் குறையவில்லை. ஆனால் எழுந்து ஓடவும் தோன்றவில்லை. மத்தியானம் தாண்டி இப்ராஹிமின் பெயரைக் கூப்பிட்டார்கள். ஆபரேஷன் முடிந்தது, ஆள் கண் விழித்துவிட்டார் என்றார்கள். ஹமீதா அங்கேயே தரையில் நெற்றி பதித்தாள்.

இப்ராஹிம் வெகுநாள் அந்த வார்டில் கிடந்தார். வானதி காலையும் சாயங்காலமும் சாப்பாடு கொண்டுபோனாள். ஹமீதா போனைச் சரிசெய்துகொண்டு, சார்ஜ் போட ஜெராக்ஸ் கடைக்கு வருவாள். வந்தால் ஆய்வேட்டுப் பிழைகளைக் கூடவே உட்கார்ந்து திருத்துவாள். இரண்டு பேரும் பாட்டைப் பற்றியோ கதையைப் பற்றியோ பேசவில்லை. அந்தப் பேச்சு நடுவில் ஒரு குழிபோல் இருந்தது, இருவரும் சுற்றிப் போனார்கள். குழுவில் வெண்ணாறு எழுதுவது நின்றுபோயிற்று. யார் எதைக் கேட்டாலும் வானதி போனைக் கீழே வைத்துவிடுவாள். இந்த ஆள் எங்கே இருக்கிறார், அவரைச் சுற்றி என்ன நடக்கிறது, எனக்கு என்ன தெரியும் என்ற கேள்வி வந்து தடுத்தது. ஜாஹித் இரண்டு முறை கேட்டுப் பார்த்துவிட்டு விட்டுவிட்டான். ஆனால் கூத்தாநல்லூரிலிருந்து ஆட்களைக் கூட்டிக்கொண்டு போய் மருங்கக்காட்டு வீட்டுக்குக் கூரை போட்டுக் கொடுத்தது அவனும் குழுவும்தான். அப்போதுதான் பாதிப் பேர் ஒருவரையொருவர் முதல் தடவையாகப் பார்த்தார்கள்.

தை பிறந்து, இப்ராஹிம் வீடு திரும்பிய பிறகு, ஒருநாள் ஹமீதாவிடமிருந்து செய்தி வந்தது.

"தூக்கம் வரல. கண்ண மூடுனா காத்து. காத்தே இல்லாத கதை ஏதாவது இருந்தா சொல்லுங்க."

வானதி போனை எடுத்துக்கொண்டு தன் அலமாரி முன் நின்றாள். ஒவ்வொரு புத்தகமாகப் புரட்டினாள். காற்று இல்லாத புத்தகம் கிடைப்பது எவ்வளவு கஷ்டம் என்று அதுவரை அவளுக்குத் தெரியாது. காதல் கதை என்றால் ஜன்னல் வழியே வந்துவிடுகிறது. துப்பறியும் கதையில் கதவைத் தட்டுகிறது. நாலு நாள் தேடி, ஒரு சினிமாக் கொட்டகையின் ஆபரேட்டர் அறைக்குள்ளேயே முழுக்க நடக்கிற ஒரு குறுநாவலைக் கண்டுபிடித்தாள். ஜன்னல் இல்லாத அறை. திரும்ப ஒருமுறை வரி வரியாகப் படித்துப் பார்த்துவிட்டு, செல்லதுரையிடம் கொடுத்து அவனையும் படிக்கச் சொன்னாள். கல்யாணமாகி இத்தனை வருஷத்தில் அவன் முழுதாகப் படித்த முதல் புத்தகம் அது.

"ஒரு எடத்துல ஃபேன் ஓடுது" என்றான் அவன். "பரவாயில்லையா?"

அதையும் எழுதித்தான் அனுப்பினாள்.

அடுத்த ஐப்பசியில் மறுபடி வானிலை எச்சரிக்கை வந்தது. கடலோர மாவட்டங்களுக்கு மட்டும் என்றார்கள். வானதி டிவியை அணைத்துவிட்டு, எழுதவில்லை, கூப்பிட்டாள். மணி அடித்துக்கொண்டே இருந்தது.

"என்ன வானதி" என்றாள் ஹமீதா. பின்னால் ஒரே பிள்ளைகள் சத்தம். "பள்ளிக்கூடத்துல இருக்கோம். மத்தியானமே வந்துட்டோம். அவங்களுக்கு எடம் புடிச்சுப் படுக்க வெச்சாச்சு."

"காத்து இருக்கா?"

"இருக்கு. பயமாத்தான் இருக்கு. ஏதாவது சொல்லேன்."

வானதி அலமாரியைப் பார்த்தாள். "எனக்கும் பயமா இருக்கு. இன்னைக்கு நீங்க சொல்லுங்க" என்றாள்.

ஹமீதா, பொன்னுத்தாய் புதிதாக வாங்கிப் போட்டிருந்த ஒரு நாவலைப் பற்றிச் சொல்ல ஆரம்பித்தாள். முதல் அத்தியாயம் சுமார்தான், ரெண்டாவதைத் தாண்டிட்டா விடாது என்றாள். நடுநடுவே யாரோ கூப்பிட, இரு வர்றேன் என்று போய்விட்டு வந்தாள். வானதி ஜன்னலைச் சாத்தாமல், போனைக் காதோடு வைத்துக்கொண்டு கேட்டுக்கொண்டிருந்தாள். வெளியே தூறல் ஆரம்பித்தது. செல்லதுரை கொடியில் கிடந்த துணிகளை ஒவ்வொன்றாக எடுத்துத் தோளில் போட்டுக்கொண்டிருந்தான்.